உளவியலும் சமயமும் ஒரே வகுப்பறையில்: மட்டக்களப்பில் ஓராண்டு படித்தவரின் மதிப்பீடு

மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தில், வெளிவாரிப் பட்டப்படிப்பொன்றின் இரண்டாம் ஆண்டுக்குரிய ‘உளவியலும் சமயமும்’ என்ற பாடத்தை ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து முடித்திருக்கிறேன். நான் அம்பாறை மாவட்டக் கரையோரப் பாடசாலை ஒன்றில் இந்து நாகரிகம் கற்பிக்கும் ஆசிரியை. வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடமே இருக்கிறது. பரீட்சை நெருங்கும்போது வகுப்பில் மயங்கி விழும் பிள்ளையை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோவதா, கோயிலுக்குக் கொண்டுபோய் நூல் கட்டுவதா என்று தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அறியும் ஆவலே என்னை இப்பாடத்தில் சேர்த்தது. இப்போது ஆசிரியர்களும் தாதியரும் சமூக சேவை உத்தியோகத்தர்களுமாகப் பலர், சேரலாமா என்று என்னிடம் விசாரிப்பதால் இதை எழுதுகிறேன்.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைத்தொகுதியொன்றின் மேல்மாடியில் வகுப்பு நடந்தது. மின்விசிறிகள் சுழன்றன, ஒலிபெருக்கி சில ஞாயிறுகளில் இயங்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு முடித்துவிடுவதால் அக்கரைப்பற்றிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் வருவோர் பொழுதுபடுவதற்குள் வீடு திரும்ப முடிந்தது. கட்டணத்தை மூன்று தவணைகளில் செலுத்தலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் கையேட்டுப் பிரதிகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதைச் சேரும்போது எவரும் சொல்லவில்லை. வகுப்பில் 31 பேர் இருந்தோம். சைவர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், மெதடிஸ்த திருச்சபையினர் என எல்லோரும் அதில் அடக்கம். இப்பாடத்தைக் கற்பதற்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறையை எவராலும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அந்த வகுப்பறையை நிலையம் பயன்படுத்திக்கொள்ளாததே என் முதன்மையான முறைப்பாடு.

குறை நேரசூசியிலேயே தெரிந்தது. காலையில் உளவியல் விரிவுரையாளர் வருவார்; மதிய உணவுக்குப் பின் சமயவியல் விரிவுரையாளர் வருவார். ஒருவர் போன பின்பே மற்றவர் வந்ததால், இருவரும் ஒரே இடத்தில் நின்று ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்ததை நாங்கள் ஒரு நாளும் காணவில்லை. காலையில் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டையும் பிற்பகலில் சைவ சித்தாந்தம் சொல்லும் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களையும் படித்தோம். இடையில் இருந்தது சோற்றுப் பார்சல் மட்டுமே. இருவரும் தத்தம் துறையில் நன்றாகக் கற்பித்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தனித்தனியே எடுத்தால் இரண்டு வகுப்புகளுக்கும் நல்ல புள்ளி கொடுப்பேன். ஆயினும் ‘உளவியலும் சமயமும்’ என்ற பெயரிலுள்ள எண்ணும்மை, இலக்கண நூல் சொல்வதுபோல, எண்ணுவதோடு நின்றுவிட்டது.

வில்லியம் ஜேம்ஸ் பற்றிய இரண்டு வாரங்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உளவியலாளரும் மெய்யியலாளருமான அவர் 1901 இலும் 1902 இலும் எடின்பரோவில் நிகழ்த்திய இருபது கிபோர்ட் விரிவுரைகள் 1902 இல் நூலாக வெளிவந்தன. சமய உளவியலில் கால்வைக்கும் எவரும் அந்த வாசலால்தான் நுழைய வேண்டியிருக்கிறது. எங்கள் கையேடு அந்நூல் முழுவதையும் மறைஞான அனுபவத்தின் நான்கு இயல்புகளாகச் சுருக்கியிருந்தது: சொல்லில் அடங்காமை, மெய்யறிவு தருவதாக உணரப்படுதல், நீடித்து நில்லாமை, தன்வசமின்மை. நான்கையும் மனனம் செய்தால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும், எனக்கும் கிடைத்தது. பின்னர், பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் அந்நூலை இறக்கி வாசித்தேன். மறைஞானம் பற்றிய அதே விரிவுரைகளில் ஜேம்ஸ் விவேகானந்தரின் இராஜயோக உரைகளையும் இமாம் கஸ்ஸாலியின் தன்வரலாற்றையும் மேற்கோள் காட்டியிருக்கிறார். 1095 இல் பக்தாத் நகரத்து நிஸாமிய்யா கல்லூரியில் புகழின் உச்சியில் இருந்த இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி, பாடம் நடத்த நா எழாமலும் உணவு இறங்காமலும் வருந்தி, பதவியைத் துறந்து வெளியேறியவர். அந்த நெருக்கடியைத் தாமே எழுதியும் வைத்தவர். காத்தான்குடி மௌலவி ஒருவரும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையில் படித்த ஆசிரியர் ஒருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்த வகுப்பில் அந்தப் பக்கங்கள் திறக்கப்படவில்லை. இருவருக்கும் உரிய இடம் நூலில் இருந்தது, கையேட்டில் இல்லை.

ஃபிராய்ட் பற்றிய பகுதியில் ஏற்பட்ட குழப்பம் மொழிபெயர்ப்பால் வந்தது. சமயத்தைப் பற்றி அவர் 1927 இல் எழுதிய நூலின் தலைப்பைக் கையேடு ‘ஒரு மாயையின் எதிர்காலம்’ என்று தந்திருந்தது. ஃபிராய்ட் சொல்ல வந்தது விருப்பத்தில் வேர்கொண்ட நம்பிக்கை. அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை, அது ஆசையிலிருந்து பிறக்கிறது என்பதே அவரது வாதம். சைவ சித்தாந்தத்திலோ மாயை என்பது உள்பொருள். உலகம் தோன்றுவதற்கான முதற்காரணம். உயிருக்குத் தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆகியவை அதிலிருந்தே கிடைக்கின்றன. காலையில் ஒரு மாயையும் பிற்பகலில் வேறொரு மாயையும் படித்த மாணவர்களில் பலர், ஃபிராய்டும் சித்தாந்திகளும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று ஒப்படையில் எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தியவர் உளவியல் விரிவுரையாளர் என்பதால் சித்தாந்தம் பிழையாக எழுதப்பட்டது அவர் கண்ணில் படவில்லை. அந்த ஒப்படைகள் நல்ல புள்ளியோடு திரும்பின.

ஃபிராய்டின் அந்நூலை வாசித்த பிரெஞ்சு எழுத்தாளர் ரோமெய்ன் ரோலண்ட், 1927 டிசம்பரில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கோட்பாடுகளுக்கும் திருச்சபைகளுக்கும் முன்னதாக, எல்லையற்ற ஒன்றோடு கலந்திருப்பதான கடல்போன்ற ஓர் உணர்வு சமயத்தின் ஊற்றாக இருக்கிறது, அதை நீங்கள் ஆராயவில்லையே என்பது அக்கடிதத்தின் சாரம். 1930 இல் வெளிவந்த அடுத்த நூலின் தொடக்கத்திலேயே ஃபிராய்ட் பதில் சொன்னார்: அத்தகைய உணர்வைத் தம்முள் காண முடியவில்லை, இருந்தாலும் அது தாயிடமிருந்து தன்னைப் பிரித்தறியாத குழந்தைப் பருவத்தின் எச்சமாகவே இருக்கும் என்றார். ரோலண்ட் 1929 இல் இராமகிருஷ்ணரின் வரலாற்றையும் அடுத்த ஆண்டு விவேகானந்தரின் வரலாற்றையும் வெளியிட்டார். அதே 1929 இல்தான் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். பாடசாலைக்கு இடப்பட்ட பெயர் இராமகிருஷ்ணரின் நேரடிச் சீடர்களில் ஒருவருடையது. வியன்னாவில் நடந்த வாதத்தின் ஒரு கிளை எங்கள் வகுப்பிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது என்பதை நானே தேடித்தான் அறிந்தேன். கடல்போன்ற உணர்வு என்ற உவமை, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கல்லடியிலும் நாவலடியிலும் வாழ்வோருக்கு என்ன பொருள் தரும் என்ற கேள்வியையும் வகுப்பில் எழுப்பியிருக்கலாம்.

அளவுகோல்கள் பற்றிய வாரங்கள் இதைவிட மேலானவை. உளவியலாளர்களான கோர்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ரோஸும் 1967 இல் வெளியிட்ட இருபது கூற்றுகளைக் கொண்ட அளவுகோல், சமயத்தை அதற்காகவே வாழ்பவரையும் அதை வேறொன்றுக்குப் பயன்படுத்துபவரையும் பிரித்தறிய முயல்கிறது. விரிவுரையாளர் அதை நாங்களே தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்றார். ஆண்டு முழுவதிலும் அவர் செய்த மிக நல்ல காரியம் அதுவே. துன்பம் வரும்போது கிடைக்கும் ஆறுதலே சமயம் தரும் பெரிய நன்மை என்ற கூற்றை ஏற்பவர் அந்த அளவுகோலில் புறநோக்குடையவர், அதாவது சமயத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துபவர், ஆகிறார். பிள்ளையின் காய்ச்சல் தீர வேண்டும் என்று நேர்ந்து, உகந்தையைத் தாண்டிக் காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடக்கும் தாய் எந்தப் பக்கத்தில் சேருவார்? நேர்த்தியைத் தீர்க்கப் போனவர், பிள்ளை தேறிய பிறகும் ஆண்டுதோறும் நடக்கிறாரே! முஸ்லிம் மாணவி ஒருவர் வேறொரு சிக்கலைக் காட்டினார்: ஐவேளைத் தொழுகை கடமையாக இருக்கும் இடத்தில், எத்தனை தடவை வழிபடுகிறீர்கள் என்ற கேள்வியால் உள்ளத்தின் ஆர்வத்தை அளக்க முடியாது. அன்று பிற்பகல் வகுப்பு அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, ஒருவரும் முறைப்படவில்லை.

ஆண்டின் சிறந்த வகுப்பை இரண்டு விரிவுரையாளர்களும் எடுக்கவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் முகாம்களில் ஆற்றுப்படுத்தல் பணி செய்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வளவாளராக ஒரு ஞாயிறு முழுவதும் வந்திருந்தார். உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களைப் பற்றியே அவர் பேசினார். உடல் இல்லாதபோது எட்டுச் செலவு, அந்தியேட்டி ஆகிய இறந்தோருக்கான கிரியைகளைச் செய்வதா என்று சைவக் குடும்பங்கள் தடுமாறியதையும், உடல் முன்னில்லாமலே இறந்தவருக்காகத் தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகை முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வழியைத் திறந்ததையும், கத்தோலிக்கர் பூசை ஒப்புக்கொடுத்ததையும் அவர் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1999 இல் விரிவாக எழுதிய ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தை அதன் பிறகே அறிமுகப்படுத்தினார்: ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலையில் துக்கம் உறைந்து நிற்கும், அதை நோயாகப் பார்க்காமல் நிலைமையின் விளைவாகப் பார்க்க வேண்டும். முதலில் ஊரின் அனுபவம், பிறகு கோட்பாடு என்ற இந்த வரிசையை மற்ற விரிவுரைகளும் பின்பற்றியிருந்தால் இம்மதிப்பீடு வேறுவிதமாக அமைந்திருக்கும்.

அதே வகுப்பில்தான் கெனத் பார்கமென்ற் என்ற உளவியலாளரின் 14 கூற்றுகளைக் கொண்ட வினாக்கொத்தும் வந்தது. துயரத்தின்போது கடவுளின் துணையை நாடுவதை அது நேர்வகையாகவும், கடவுள் தண்டித்தார் அல்லது கைவிட்டார் என்று எண்ணுவதை எதிர்வகையாகவும் கணக்கிடுகிறது. அலையில் மகனை இழந்த ஒரு தாய், இது என் வினை என்று சொன்னால் அதை எங்கே குறிப்பது என்று வளவாளர் கேட்டார். வினை என்பது கடவுளின் தண்டனையன்று. அவரவர் செயலின் பயன். ஆயினும் அந்தச் சொல்லால் ஆறுதல் பெறும் தாயும் உண்டு, தன்னையே வருத்திக்கொள்ளும் தாயும் உண்டு. சொல்லை வைத்துத் தீர்மானிக்க முடியாது, அது சொல்லப்பட்ட குரலைக் கேட்க வேண்டும் என்றார் அவர். பாடசாலையில் இன்றுவரை எனக்குப் பயன்படுவது இந்த ஒரு வாக்கியம்தான்.

ஆனி மாதத்தில் மாரியம்மன் கோயில் ஒன்றின் சடங்குக்குக் களப்பயணம் சென்றோம். அமெரிக்க மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் 1990 களில் மட்டக்களப்பில் தங்கி, காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி வாக்குக் கேட்க அம்மன் கோயில்களுக்குப் போன குடும்பங்களையும் வாக்குச் சொன்னவர்களையும் ஆராய்ந்தவர். அந்த ஆய்வைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு முன்னதாகவே எங்களுக்குத் தரப்பட்டது. ஜேம்ஸ் சமயத்தை, தனிமையில் இருக்கும் தனிமனிதரின் உணர்வும் செயலும் அனுபவமுமாக வரையறுத்தார். உடுக்கும் பறையும் ஒலிக்க, மஞ்சள் நீரும் வேப்பிலையுமாக ஊரே சூழ்ந்து நிற்க, தெய்வமாடுபவர் ஒருவர் மற்றொருவரின் வீட்டுத் துயரைச் சொல்லும் அந்த இடத்தில் தனிமை எங்கே இருக்கிறது? நான்கு இயல்புகளில் நீடித்து நில்லாமையும் தன்வசமின்மையும் பொருந்துகின்றன. சொல்லில் அடங்காமை பொருந்தவில்லை, ஏனெனில் அங்கே தெய்வம் வந்ததே சொல்வதற்காக.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் எஃப் 44.3 என்ற குறியீட்டின் கீழ் மெய்மறதியும் ஆவேசமும் இடம்பெறுகின்றன. ஒருவரின் விருப்பமின்றி வந்து, சமயச் சூழலுக்கோ அவரது பண்பாடு ஏற்கும் சூழலுக்கோ வெளியே நிகழ்ந்து அன்றாட வாழ்வைக் குலைப்பவற்றை மட்டுமே அங்கே சேர்க்க வேண்டும் என்பது விதி. சடங்கு முடிந்தபின் அதை நடத்திய முதிய கட்டாடியாரிடம் இதை நான் எளிய சொற்களில் கேட்டேன். “நேரங்காலமில்லாம, கண்ட கண்ட இடத்தில ஆடினா அது தெய்வமில்ல புள்ள, வருத்தம். அப்பிடி வந்தா நான் ஆசுப்பத்திரிக்கித்தான் அனுப்புவன்” என்றார். வகைப்பாட்டை எழுதியவர்கள் ஒரு பத்தி முழுவதும் எடுத்துக்கொண்டதை அவர் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார். தாய்மாருக்கு நான் சொல்லும் பதிலும் இப்போது ஏறக்குறைய இதுவே.

மற்றப் பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1937 இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள் ஒரே நாளில் அவசரமாக ஓடி மறைந்தன. பௌத்தம் பற்றிய வகுப்பு எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வா, வேண்டாத எண்ணங்களை அகற்ற விதக்கசண்டான சூத்திரம் என்ற பௌத்த நூல் சொல்லும் ஐந்து வழிகளை நடத்தைச் சிகிச்சை முறைகளோடு ஒப்பிட்டதை விரிவுரையாளர் தெளிவாக விளக்கினார். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981 இல் கதிர்காமத்துச் சடைமுடி அடியார்களைப் பற்றி வெளியிட்ட நூல் வாசிப்புப் பட்டியலில் இருந்தது. நிலையத்தின் நூலகத்தில் இல்லை. இஸ்லாமிய உளவியலுக்கு ஒரே ஒரு பிற்பகல் ஒதுக்கப்பட்டது. நப்ஸ் எனப்படும் மனித ஆன்மாவின் மூன்று நிலைகளைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. வகுப்பில் பாதிக்குக் கிட்டிய முஸ்லிம் மாணவர்களும் அதே கட்டணத்தையே செலுத்தினார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுத்தாக்குதலைப் பற்றி ஆண்டு முழுவதும் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. எல்லோரும் ஒரே அறையில் இருந்ததால் அந்த மௌனத்தின் காரணம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் சமயமும் மனமும் பற்றிய வகுப்பு அதைப் பேசாவிட்டால் வேறு எந்த வகுப்பு பேசும் என்ற கேள்வி என்னிடம் இருக்கிறது.

கலைச்சொற்களைப் பற்றியும் சேர்வோர் அறிந்திருக்க வேண்டும். காலைக் கையேடு உளவளத்துணை என்று எழுதும். இன்னொரு கையேடு அதையே சீர்மியம் என்னும். இந்தியப் பாடநூலிலிருந்து பிரதி செய்த பக்கம் ஆற்றுப்படுத்துதல் என்னும். பரீட்சை வினாத்தாளில் நாலாவது சொல் ஒன்று வந்தது. மூன்று மணித்தியாலப் பரீட்சையில் பத்து நிமிடம், வினா எதைக் கேட்கிறது என்று ஊகிப்பதிலேயே எனக்குக் கழிந்தது. தங்களுக்கென ஒரு சொற்பட்டியலை முதல் வாரத்திலிருந்தே எழுதி வருவது நல்லது. என்னுடைய பட்டியல் ஆண்டிறுதியில் பதினாறு பக்கமாயிற்று.

விளம்பரத் துண்டில் ‘உளவளத்துணையாளராகப் பணியாற்ற விரும்புவோருக்கு’ என்று அச்சிட்டிருந்தார்கள். இந்த ஒரு பாடம் எவருக்கும் அந்தத் தகைமையைத் தராது. மேற்பார்வையின் கீழான பயிற்சி ஒரு மணித்தியாலமும் இதில் இல்லை. வேலை வாய்ப்புக்காகச் சேர நினைக்கும் இளையோர் அதை நம்பிக் கடன்பட வேண்டாம். ஏற்கெனவே பாடசாலையிலோ வைத்தியசாலையிலோ பிரதேச செயலகத்திலோ மக்களைச் சந்திக்கும் பணியில் இருப்பவர்கள், ஜேம்ஸின் நூலையும் தங்கள் ஊர்ச் சடங்கையும் தாங்களே பக்கத்தில் வைத்துப் படிக்கத் தயாராக இருந்தால், செலுத்தும் பணத்துக்கு ஓரளவு பயன் பெறுவார்கள். என் கணக்கில் அந்தப் பயனில் பெரும்பகுதி தாதியின் ஒரு ஞாயிறாலும் கோயிலுக்குப் போன ஓர் இரவாலும் வந்தது.

அடுத்த அணிக்கான பதிவு தொடங்கியதும் தோழி ஒருவருக்காக நிலையத்தின் அலுவலகத்தில் விசாரித்தேன். வளவாளர் மீண்டும் வருவார் என்றார்கள். பரீட்சையை ஆனிக்கு மாற்றியிருப்பதால் களப்பயணம் இம்முறை இராது என்றார்கள். அப்படியானால் கட்டணத்தில் எவ்வளவு குறையும் என்று கேட்க வேண்டும் என்பது, பஸ் கல்லடிப் பாலத்தைக் கடந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.